குதிரைப் பண்ணைக்குப் புதிதாக வரும் பெண்ணுக்கு

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் பகுதிகளில் குடும்பங்கள் நடத்தும் குதிரைப் பண்ணைகளில் புதியவருக்குக் கிடைக்கும் முதல் வேலை லாயத்தில் லத்தி அள்ளுவது. பதினைந்து வயதில் நகரத்தை விட்டு அங்கே குடியேறும் பெண்ணுக்கு அது தன்னை ஒதுக்கிவைக்கும் வேலையாகத் தோன்றக்கூடும். பண்ணைக்காரர்களின் கணக்கு வேறு. நேற்று எவ்வளவு விழுந்தது, இன்று எவ்வளவு, ஈரமாக இருக்கிறதா, வறண்டு கட்டியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரிடம்தான் குதிரையை நம்பி விடுவார்கள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் குதிரையின் வயிறு. 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளில் 8 முதல் 10 கிலோ உலர்புல் தின்னும். குறைந்தது 25 லிட்டர் தண்ணீர் குடிக்கும். உடம்போடு ஒப்பிட்டால் இரைப்பை மிகச் சிறியது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. எனவே ஒரே வேளையில் தானியத்தைக் கொட்டுவதும், தீவனத்தைத் திடீரென்று மாற்றுவதும் ஆபத்து. குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீர் உறைந்துவிடும். குதிரை குறைவாகக் குடிக்கும், லத்தி இறுகும், குடல் அடைத்துக்கொள்ளும். விடியலில் பனிக்கட்டியை உடைக்கப் போகச் சொல்வது வீட்டாரின் கெடுபிடி என்று நினைப்பதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தீவனத்தைத் தொடாமல் நிற்பது, முன்காலால் தரையைக் கிளறுவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, படுத்துப் புரள்வது ஆகியவை கோலிக் எனப்படும் வயிற்றுவலியின் அடையாளங்கள். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும்; வலியில் அது கூடும். கால்நடை மருத்துவர் வெகு தொலைவில் இருக்கும் இடத்தில், முதலில் கவனித்துச் சொன்னவர் யார் என்பதைக் குடும்பம் மறப்பதில்லை.

குதிரையை நெருங்குவதற்கும் முறை உண்டு. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும்; நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. ஆகவே குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாக வர வேண்டும். தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் விரல் போய்விடும். காது பின்னால் படிந்தால் கோபம். ஒரு காது ஆள்பக்கம் திரும்பினால் அது கேட்டுக்கொண்டிருக்கிறது.

மேற்கு மாநிலங்களில் குதிரைப் பயிற்சியாளர்கள் டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் ஆகியோர் பரப்பிய பயிற்சிமுறையின் சாரம் ஒன்றுதான்: குதிரை கற்றுக்கொள்வது அழுத்தம் தரும்போது அல்ல, அழுத்தம் விலகும் கணத்தில். கயிற்றை இழுக்கிறோம், அது ஓர் அடி எடுத்து வைக்கிறது, அந்த நொடியே கயிறு தளர வேண்டும். தளர்த்தத் தாமதித்தால், அடி எடுத்து வைத்ததற்குப் பலன் இல்லை என்பதே அதற்குப் பாடமாகும். பொறுமையான பெண்பிள்ளைகள் இதில் தேறுவதற்குக் காரணம் இருக்கிறது: 500 கிலோவை இழுத்து ஜெயிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

மனிதர்களோடு பழகுவது இதைவிடக் கடினம். ஈற்றுக்காலமான வசந்தத்தில் வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. பதினொரு மாதச் சினைக்குப் பிறகு பெட்டை பெரும்பாலும் இரவில்தான் ஈனும். குட்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நின்று பால் குடிக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அந்த நாட்களின் சிடுசிடுப்பைப் புதியவர் தன்மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு: பண்ணை குதிரையை விற்றுத்தான் பிழைக்கிறது. ஆசையாகத் தேய்த்துக் குளிப்பாட்டிய குதிரையும் ஒருநாள் வண்டியேறும். எது விற்பனைக்கு, எது வீட்டுக்கு என்று முதலிலேயே கேட்டுவைப்பது நல்லது. பெரியவர்களும் அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஊரார் பேச்சும் நடப்பும் பிடிபடாமல் ஓரமாக நிற்கும் பெண்ணுக்கு டெம்பிள் கிராண்டினின் கதை பொருந்தும். ஆட்டிசம் உள்ள அவர் பதின்ம வயதில் அரிசோனாவில் உறவினரின் பண்ணைக்குப் போனார். அது மாட்டுப் பண்ணைதான். தடுப்பூசிக்காக மாடுகளை நிறுத்தும் கூண்டின் பக்கப்பலகைகள் இறுகியதும் சில மாடுகள் அமைதியானதை அவர் உற்றுக் கவனித்தார். பின்னாளில் கால்நடைகளை மிரளாமல் நடத்தும் அமைப்புகளை வடிவமைத்து, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

சவாரி கடைசியில் வரும். அப்போது ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் வழக்கத்துக்கு இணங்கக் கூடாது. மேற்கத்தியப் பண்ணைகளில் அகல விளிம்புத் தொப்பியே மரபு. தலைக்கவசம் போட்டவரைக் கேலி செய்பவர்களும் உண்டு. கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். தலைக்கவசம் இல்லாமல் ஏறச் சொன்னால், சொல்பவர் வீட்டுப் பெரியவராகவே இருந்தாலும், மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும்.