கோல்ஃப் மைதானத்துக்கு எதற்கு காலர்?

கேள்வி: கோல்ஃப் கிளப்புகளின் உடை விதிகள் காலாவதியாகிவிட்டனவா?
– வாசகர், அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: பெரும்பாலும் ஆம். இந்த விதிகளில் இரண்டு வகை உண்டு. புல்தரையைக் கிழிக்காத காலணி வேண்டும் என்பது மைதானத்தைக் காக்கும் விதி; அது இருக்கட்டும். காலர் வைத்த சட்டை ஆட்டத்துக்கு எந்த உதவியும் செய்வதில்லை. வந்தவரின் தகுதியை எடைபோட மட்டுமே உதவுகிறது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பி.ஜி.ஏ. டூர்கூட 2019-ல் பயிற்சிச் சுற்றுகளில் அரைக்கால் சட்டையை அனுமதித்துவிட்டது.

‘தனியார் கிளப், அவர்கள் விதி அவர்கள் உரிமை’ என்பார்கள். அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப் வாசலில் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது: பொழுதுபோக்கு கிளப் உட்பட எந்தப் பொது இடத்திலும் வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நீதிபதிக்கே அந்த நிலை என்றால், புதுக்கோட்டையிலிருந்து வேட்டியில் போகும் விவசாயிக்கு என்ன நடந்திருக்கும்? உடை விதிகளைத் தளர்த்தினால் ஒழுங்கு குலையும் என்ற அச்சமும் பொருந்தாது. ஒழுங்கை நடத்தையில் கேட்கலாம். வேட்டிக்காக உங்களை யாரேனும் தடுத்தால், தயங்காமல் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள்.