வெட்டொன்று துண்டிரண்டு

சிரஞ்சீவி மருமானுக்கு, மாமா எழுதிக்கொண்டது.

தலைவரும் காரியதரிசியும் இல்லாத ஓவியர் குழு ஒன்றைத் தோழர்களோடு தொடங்கியதையும், எட்டே மாதத்தில் அறைச் சாவி யாரிடம் இருப்பது என்ற சச்சரவில் பாதிப் பேர் முகம் திருப்பிக்கொண்டதையும் எழுதி, அராஜகக் கொள்கையே வெறுங்கனவுதானா என்று கேட்டிருக்கிறாய். நம் பேச்சு வழக்கில் அராஜகம் என்றால் அடிதடி என்றாகிவிட்டது. அதன் மூலப் பொருளோ அரசன் இல்லாமை மட்டுமே. அரசன் இல்லாத இடத்தில் நியமமும் இருக்கலாகாது என்று அச்சொல் விதிக்கவில்லை. இந்தப் பேதம் உனக்கு விளங்கும்பொருட்டு, பெர்லின் நகரத்துக் கட்டிடம் ஒன்றின் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

ஓரானியன்பூர்கர் வீதியில், கடைத்தெரு முழுவதையும் ஒரே கூரைக்குள் அடக்கினாற்போல இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில் எழுந்த அங்காடி மாளிகை அது. இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட அதன் ஒரு பகுதியைக் கிழக்கு ஜெர்மனி அரசு 1980-இல் தகர்த்துவிட, எஞ்சிய பகுதி பின்சுவரை இழந்து, அறுத்து வைத்த தேனடைபோல் தளம் தளமாகத் திறந்து நின்றது. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. மறு ஏப்ரலில் இந்த மிச்சத்தையும் இடிப்பதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு மாதம் முந்தி, பிப்ரவரி 13-ஆம் தேதி, பத்திரமோ வாடகைச் சீட்டோ இல்லாத கலைஞர் சிலர் உள்ளே புகுந்து குடியேறினார்கள். தம் இருப்பிடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'தாகெலெஸ்'. வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுவதைக் குறிக்கும் இத்திஷ் மொழிச் சொல் அது. சொல்ல நினைத்ததை மூடிச் சொல்லியே கலை வளர்த்தாக வேண்டியிருந்த தேசத்தில், அந்தப் பெயரே ஒரு பிரகடனம்.

அவர்களை வெறும் உற்சாகப் பேர்வழிகள் என்று எண்ணிவிடாதே. கட்டிடம் உறுதியாக இருக்கிறதென்று நிபுணர்களின் பரிசோதனை மூலம் நிரூபித்து, 1992-இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்படும் வரை விடாமல் முயன்றார்கள். மாடிப்படிச் சுவர்களில், நேற்று ஒருவர் எழுதிய சித்திரத்தின்மேல் இன்று இன்னொருவர் எழுத, வர்ணம் அடுக்கடுக்காகத் தடித்தது. முற்றத்தில், கழித்துவிட்ட மிக்-21 போர் விமானமே சிற்பமாய் நின்றது.

ஆனால் கிழக்கிலிருந்து வந்தவருக்கும் மேற்கிலிருந்து வந்தவருக்கும் ஆதியிலேயே ஒத்துப்போகவில்லை. இடிக்க வந்தவர்களை எதிர்த்து நின்ற காலத்தில் அடங்கியிருந்த மனஸ்தாபம், 1998-இல் மனையை வாங்கிய நிறுவனம் மாதம் ஒரு மார்க் வாடகைக்குப் பத்து ஆண்டுக் குத்தகை கொடுத்த பின்பு, அவகாசம் கிடைத்து வளர்ந்தது. கீழ்த்தளத்துக் காபி விடுதிக்கோ உல்லாசப் பயணிகளால் நல்ல வருமானம். மேல்தளங்களிலோ ஓவியக் கூடங்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற வழக்கு நியாயஸ்தலம் வரை போயிற்று. வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுவோம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் வக்கீல்கள் வாயிலாகப் பேசிக்கொண்டார்கள்! குத்தகை 2008-இல் முடிந்தது. 2011-இல் கீழ்த்தளத்தார் பத்து லட்சம் யூரோ பெற்றுக்கொண்டு வெளியேற, மேலே எஞ்சியவர்களும் 2012 செப்டம்பர் 4-ஆம் தேதி, அமீனா வந்து நின்றபோது, எதிர்ப்பின்றி இறங்கிப் போனார்கள். இன்று அங்கே புகைப்படக் காட்சிச்சாலை ஒன்று நடக்கிறது.

பணமும் பலமும் உள்ளவர்கள் அவர்களை வெளியேற்றினார்கள் என்பது மெய்யே. எனினும் வீடு அதற்கு முன்பே இரண்டாகப் பிளந்திருந்தது. ஜோ ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பெண்மணி, பெண் விடுதலைக் குழுக்களோடு பழகிய அனுபவத்தைக்கொண்டு, அமைப்பே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத அமைப்பு ஒன்று தானாக முளைத்துவிடும் என்று 1970-இலேயே எச்சரித்தார். பெயரிட்ட அதிகாரத்தைக் கேள்வி கேட்கலாம், காலம் வந்தால் மாற்றலாம். பெயரில்லாத அதிகாரத்தை யாரிடம் போய்க் கேட்பது?

ஆகையால், தலைவர் வேண்டாம் என்ற உன் சங்கற்பத்தை நான் தடுக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, இந்த மாதம் சாவி யாரிடம், அடுத்த மாதம் யாரிடம், மின்சாரக் கட்டணம் யார் பொறுப்பு, படம் விற்ற பணத்தில் பொதுப்பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். முகம் திருப்பிக்கொண்டவர்களை முதலில் அழை. முதல் மாதச் சாவியை அவர்களில் ஒருவர் கையிலேயே கொடு.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா