படலைக் காவலும் நாயின் சினமும்

உருத்திரபுரம், வட்டக்கச்சி முதலிய குடியேற்றக் கிராமங்களின் விசாலமான வளவுகளில் வளரும் துடிப்புமிக்க நாய், படலையில் துவிச்சக்கரவண்டியின் ஓசை கேட்டவுடனே பாய்ந்து குரைப்பது பிறவிக் குரோதத்தினால் அன்று. தபாற்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தம் வழியே போவதைத் தன் குரைப்பின் வெற்றியாகவே நாள்தோறும் கருதி, அது அப்பழக்கத்தில் மேன்மேலும் திடம் பெறுகின்றது. ஆகையால், படலையும் வீதியும் கண்ணிற் படாதவாறு வீட்டின் பின்புறத்தில் நிழலும் நீரும் உள்ள இடம் அமைத்து, விருந்தினர் வரும்போது கயிற்றிற் பிடித்து, அது அமைதியாக நிற்கக்கூடிய தூரத்திலேயே நிறுத்தி, அமைதி காத்த அக்கணமே அவித்த இறைச்சித் துண்டொன்றைக் கொடுத்து, அத்தூரத்தை நாளடைவில் சிறிது சிறிதாகக் குறைத்து வருதல் உத்தமம்.

நாள் முழுவதும் சங்கிலியிற் கட்டிவைத்தல் மூர்க்கத்தை வளர்க்குமேயன்றித் தணிக்காது. வெயில் ஏறுமுன்னும் சாய்ந்தபின்னும் வாய்க்காற் கரையோரமாக, மோப்பம் பிடிக்க அவகாசம் தந்து நடத்திச் செல்லுங்கள். உறுமும் நாயை அடிப்பது மிகுந்த ஆபத்து; உறுமல் அதன் எச்சரிக்கையாதலால், அதை அடித்து அடக்குவோர் எச்சரியாமலே கடிக்கும் நாயைத் தாமே உருவாக்கியவராவர்.

சாதுவான நாய் திடீரெனச் சினங்கொண்டால் உடல்நோவும் காரணமாகலாம்; கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவியுங்கள். உணவுண்ணும் நாயருகே குழந்தைகளைத் தனியே விடலாகாது. எந்த நாய் கடித்தாலும், சிறு கீறலேயாயினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.