மீன் படம் எடுக்கப் போறியா தம்பி?

தம்பி, போனைத் தூக்க முந்தி தொட்டியைப் பாரு. படம் மங்கலா வருது, கலங்கலா வருது என்று கேக்கிற கனபேருக்கு போன்ல பிழை இல்ல. கண்ணாடியிலயும் தண்ணியிலயும்தான் பிழை. நம்மட ஊர் கடலுக்கும் களப்புக்கும் நடுவில கிடக்கு. ஜன்னல் கம்பியைத் தின்னுற உப்புக்காத்து, தொட்டிட வெளிக் கண்ணாடியிலயும் போன்ட கேமராவிலயும் மெல்லிசா ஒரு படலம் பூசிட்டுத்தான் போகும். ரெண்டையும் மெல்லிய பருத்தித் துணியால துடைச்சிட்டுத் தொடங்கு. கிணத்துத் தண்ணி ஊத்துற வீடென்றா தண்ணி மட்டத்தில வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். அது சுண்ணாம்புப் படிவு. தண்ணியைக் கொஞ்சம் இறக்கிட்டு, பாதித் தேசிக்காயால தேய்ச்சு, சாறு உள்ளுக்கு வடியாம ஈரத்துணியால துடைச்சு எடு. சவர்க்காரம் மட்டும் கிட்டயும் கொண்டு போகாதே. அது மீன்ட செவுளுக்கு நஞ்சு. உள்பக்கப் பாசியைப் பழைய பேங்க் கார்டால வழிச்சா போதும்.

தண்ணி மாத்துறதை முதல் நாளே முடிச்சிடு. நாலில ஒரு பங்கு போதும். குளோரின் போட்ட பைப் தண்ணியை ஒரு நாள் வாளியில திறந்து வெச்சுத்தான் ஊத்தணும். படம் எடுக்கிற நேரத்துக்குக் கிட்ட தீனி போடாதே. தூள் மிதந்து, படத்தில வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழும். ஒரு கால் மணித்தியாலத்துக்கு முந்தி ஃபில்டரையும் காத்துக் குழாயையும் நிப்பாட்டினா குமிழி அடங்கி, தூசி கீழ இறங்கும். எடுத்து முடிச்ச உடனே திரும்பப் போட மறந்திடாதே தம்பி. கதையோட கதையா நிறையப்பேர் மறக்கிறது இதைத்தான்.

அடுத்தது கண்ணாடியில விழுற விம்பம். நீ போட்டிருக்கிற வெள்ளை டீசேட், பின்னால இருக்கிற ஜன்னல், மேல எரியிற லைட் எல்லாம் மீனுக்கு மேல வந்து குந்தும். இஷாத் தொழுகைக்குப் பிறகு அறை லைட்டை அணைச்சு, தொட்டி லைட்டை மட்டும் எரிய விடு. கறுப்பு உடுப்புப் போட்டுக்க. மருதமுனைத் தறியில நெய்த கறுப்புத் துணி ஒன்று வாங்கி, நடுவில போன் கேமரா அளவுக்கு ஓட்டை வெட்டி, தொட்டிக்கும் உனக்கும் நடுவில திரை மாதிரிப் பிடிச்சா பாதிப் பிரச்சினை முடிஞ்சுது. மிச்சத் துணியைத் தொட்டிக்குப் பின்னால தொங்க விடு. ஆயிரம் ரூபாய் பின்னணிப் படத்தை விட அதுதான் வடிவு. போனைக் கண்ணாடிக்கு நேரா, சதுரமாப் பிடி. சரிச்சுப் பிடிச்சா தண்ணியும் கண்ணாடியும் வெளிச்சத்தை வளைச்சு மீன்ட உருவத்தைக் கலைச்சிடும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்றன், இதிலதான் நிறையப்பேர் தோத்துப் போறாங்க. ஃபிளாஷ் வேணாம். முன்னால இருந்து அடிச்சா கண்ணாடி திருப்பி உன்ட முகத்துக்கே அடிக்கும். வெளிச்சம் மேல இருந்து விழணும். மலிவான எல்இடி பல்பென்றா படத்தில வரி வரியாக் கோடு விழலாம். நம்மட கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அதில எரியிற அந்த மாதிரி லைட் நொடிக்கு 100 தரம் மங்கி எழும்புது. கண்ணுக்குத் தெரியாட்டியும் கேமராவுக்குத் தெரியும். பவர் பேங்கில குத்தி எரிக்கிற எல்இடி பட்டியைத் தொட்டி மூடிக்கு மேல வெச்சா அந்தக் கோடு பெரும்பாலும் போயிடும். இன்னொன்று: இருட்டில கிடந்த மீனுக்கு மேல படக்கென்று லைட்டைப் போட்டு உடனே எடுக்காதே. நியோன் டெட்ரா இரவில தன்ட நிறத்தையே குறைச்சு வெச்சிருக்கும். அது முழிச்சு நிறம் ஏற நேரம் குடு. நம்ம நாட்டுக்கே உரிய செரி பார்ப் இருக்கே, 1929இல ஆய்வாளர் தெரணியகல அறிவியல் பெயர் வெச்ச மீன், அதிட ஆண் பெண்ணைச் சுத்தும்போதுதான் நல்லாச் சிவக்கும். பெண்ணும் ஆணும் ஒரே தொட்டியில இருந்தா ஒரு நாற்காலியைப் போட்டுக் காத்திரு.

இப்ப போன். தொட்டியை ஒட்டி நிக்காம ஒரு எட்டுத் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வை. மீன்ட கண் மட்டத்துக்குக் குனி. மேல இருந்து எடுத்தா முதுகுதான் தெரியும். திரையில மீன்ட கண்ணில விரலை வெச்சு அழுத்திப் பிடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டும். கறுப்புப் பின்னணிக்கு போன் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டி, மீனை வெள்ளையாக்கிடும், அதனால சூரியக் குறியைக் கீழ இழு. ஷட்டர் வேகத்தைக் கையால வைக்க ஏலுமென்றா நொடியில 200இல ஒரு பங்கு, இல்லாட்டி அதை விட வேகமா வை. வரிசையாப் பல படம் எடு, அதில ஒன்று சரியா வரும்.

ஃபைட்டர் மீன் எடுக்க ஆசையென்றா, தாய்லாந்துக்காரர் விசாருத் அங்கட்டவானிச்சிட படங்களைத் தேடிப் பாரு. தனிக் கண்ணாடித் தொட்டி, ஒரே நிறப் பின்னணி, செட்டை முழுசா விரியும் வரைக்கும் பொறுமை. நீயும் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி செஞ்சுக்கலாம். முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு மூணு அங்குலம்தான் இடைவெளி, அப்ப மீன் ஃபோகஸை விட்டுப் பின்னால ஓட ஏலாது. அதே தொட்டித் தண்ணியை ஊத்து. வலையால அள்ளாம கோப்பையால எடுத்து விடு, வலையில செட்டை கிழியும். கொஞ்ச நேரத்தில திருப்பி விட்டுடு. மீன் மூலையில ஒதுங்கி, நிறம் வெளிறி, செவுள் வேகமா அடிச்சா அன்றைக்குப் படம் போதும்.

முழுத் தொட்டியையும் எடுக்க ஆசைப்பட்டா தகாஷி அமானோ (1954-2015) படங்கள்தான் பாடம். ஜப்பான்காரர், அடிப்படையில புகைப்படக்காரர். தண்ணிக்குள்ள ஒரு காட்டையே வளர்த்து, பெரிய ஃபிலிம் கேமராவால எடுத்தவர்.

எடிட் பண்ணுறதில எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கு. வெளிச்சத்தைச் சரி பண்ணு, நீலம் கூடினா குறை, வெட்டி எடு. நிறத்தை இழுத்து இழுத்துக் கூட்டாதே. உன்ட படத்தைப் பார்த்து ஒரு சின்னப் பிள்ளை கடையில போய் அந்தச் சிவப்பைத் தேடும். கண்ணாடி மீனுக்கு ஊசியால சாயம் ஏத்தி விக்கிற கொடுமை நடந்ததே இந்த நிற ஆசையாலதான்.

நெட்டில போட முந்தி படத்தைப் பெருசாக்கி மூலை முடுக்கெல்லாம் பாரு. கண்ணாடியில உம்மா முக்காடில்லாம நிக்கிறது தெரியலாம், தங்கச்சிட பள்ளிப் பெயர் போட்ட பேக் தெரியலாம். மீனுக்கு வந்த லைக்கில வீட்டுக்காரர் ஊர் சுத்த வேணாம். இடம் காட்டுறதை நிப்பாட்டிடு. வட்ஸ்அப்பில அனுப்புறதென்றா டாக்குமென்ட்டா அனுப்பு, இல்லாட்டி எச்டி தெரிவு செய். சும்மா அனுப்பினா அது படத்தைச் சுருக்கி செதிலைக் கரைச்சிடும். உன்ட பெயரை மீன் வயித்துக்குப் பக்கத்தில சின்னதாப் போடு, ஓரத்தில போட்டா வெட்டி எடுத்துடுவாங்க. மீன்ட பெயர், நீளம், தண்ணி எங்கத்தையது, எத்தனை நாளா வளர்க்கிற என்று தமிழில ரெண்டு வரி எழுது. தமிழில தேடுற பிள்ளைக்கு அது கிடைக்கும். மீன் விக்கிற எண்ணமிருந்தா ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் பக்கம் போகாதே, உயிருள்ள பிராணியை அங்க விக்க விடமாட்டாங்க.

ஓடையிலயோ குளத்திலயோ அரிய மீனைக் கண்டு எடுத்தா, இடத்தை எழுதவே எழுதாதே. பந்துல பார்ப் என்ற மீன் 1991இலதான் அறிவியலுக்குத் தெரியவந்தது. கேகாலைப் பக்கம் கலபிட்டமடவில ஒரு சின்ன ஓடையை நம்பி இருந்த மீன் அது, இன்றைக்கு அழிவின் விளிம்பில நிக்குது. ஒரு படமும் ஒரு இடப்பெயரும் சேர்ந்தா வலையோட ஆள் வரும். மறுபக்கம், தொட்டியில வளர்த்து அலுத்த டேங்க் கிளீனர் மீனைக் களப்பிலயோ குளத்திலயோ விட்டு, விட்ட வீடியோவைப் போடுறாங்களே, அதைப் பகிராதே. அந்த மீன் நம்ம நாட்டு நீர்நிலைகள்ல பரவி சொந்த மீனுக்கு இடைஞ்சலா நிக்குது.

வருத்தமான மீனை எடுத்து உதவி கேக்கிறதென்றா வடிவெல்லாம் வேணாம். பக்கவாட்டில ஒன்று, செவுளுக்குக் கிட்ட ஒன்று, வால் செட்டை விரிஞ்சு ஒன்று, தொட்டி முழுசா ஒன்று. நிறத்தைத் தொடாதே. வெள்ளைப் புள்ளி நோய் உப்புக்கல் தூவினது மாதிரி இருக்கும், புள்ளி எண்ணிப் பார்க்கிற அளவுக்குத் தெளிவா வரணும். கூடவே தண்ணிட சூடு, எப்ப தண்ணி மாத்தினது, புது மீன் ஏதும் விட்டதா என்று எழுது. உடனே எடுத்து அனுப்பு, வெளிச்சம் சரியில்ல என்று நாளைக்குத் தள்ளாதே.