கலங்கல்

திருவள்ளூர் நகரை அடுத்துள்ளது காக்களூர். அவ்வூரில் சிட்கோ தொழிற்பேட்டை உண்டு, ஏரியும் உண்டு. தொண்டை மண்டலத்து ஏரிகளுக்குப் பொதுவாகக் கரை, மதகு, கலங்கல் என மூன்று உறுப்புகள் அமைந்திருக்கும். கழனிக்கு வேண்டிய அளவு நீரை விடுவது மதகு. பெருமழைக் காலத்தில் மிகுந்த நீர் கரையை உடைத்துவிடாதபடி, அதனை வழிந்தோடச் செய்வது கலங்கல். கலங்கல் இல்லாத ஏரிக்குக் கரையை எவ்வளவு உயர்த்தினாலும் பயன் இல்லை என்பதை உழவர் நன்கு அறிவர். கலங்கல் என்னும் இச்சொல்லே மனம் குழம்புதலையும் குறிக்கின்றது.

உணர்ச்சி மிகுந்து வரும்போது அதனை அடக்கு என்று கூறுவது கரையை உயர்த்துவது போன்றதே. பதின்ம வயதினரிடம் அச்சொல் பெரும்பாலும் பயன் தருவதில்லை. மூளையில் உணர்ச்சியைத் தூண்டும் பகுதிகள் விரைந்து முதிர்கின்றன. சீர்தூக்கிப் பார்க்கும் முன்மூளைப் பகுதியோ ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே செல்கின்றது. ஆதலின் அவ்வயதில் சினமும் துயரும் அச்சமும் வேகமாக எழுதல் இயல்பு. சிலரிடத்தில் அவை பிறரினும் விரைவில் எழும், பன்மடங்கு ஓங்கும், தணிய நெடுநேரம் ஆகும். அத்தகையோரைப் பிடிவாதக்காரர் என்றும் நடிப்பவர் என்றும் உலகம் பழிக்கின்றது.

தொழிற்பேட்டையில் இரவு முறை வேலை பார்க்கும் ஒருவரின் மகளை எண்ணிக்கொள்க. அவளுக்கு வயது 16. தோழி கூறிய ஒரு சொல்லுக்காக அவள் இரவெல்லாம் அழுவாள். கைப்பேசியைச் சுவரில் எறிவாள். பின்னர் நாணி, இரண்டு நாள் யாருடனும் பேசாள். தான் பிறர்க்குப் பாரம் என்னும் எண்ணமும் சில வேளைகளில் அவளுக்கு எழும். இத்தகையோர்க்கு மருத்துவம் உண்டா?

உண்டு; அதனைக் கண்டவரே அத்துன்பத்தை உற்றவர். மார்ஷா லைனஹன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1943இல் பிறந்தார். 1961இல், தம் 17ஆம் வயதில், ஹார்ட்ஃபர்டு நகரத்து மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஈராண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். தனியறையில் அடைத்தும் மின்னதிர்ச்சி அளித்தும் பார்த்தனர், குணம் காணவில்லை. வெளிவந்தபின் வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்புகளில் பயின்று உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். சியாட்டில் நகரில் பேராசிரியர் ஆனார்.

அவர் வகுத்த முறைக்கு இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். பெயர் கடுமையானது, கருத்து எளியது. 'நீ மாற வேண்டும்' என்று மட்டும் கூறினால் துன்புறுவோர் தம்மைக் குற்றம் சாட்டுவதாகக் கொள்கின்றனர். 'நீ இருக்கும் நிலையே சரி' என்று மட்டும் கூறினாலோ துன்பம் தீர்வதில்லை. முரணாகத் தோன்றும் இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்வதே இம்முறையின் உயிர்நாடி. நிகழ்வதை உள்ளவாறு கவனித்தல், நெருக்கடியைத் தாங்குதல், உணர்ச்சியை நெறிப்படுத்தல், பிறருடன் பேசிப் பழகுதல் ஆகிய நான்கு திறன்களும் பாடம் போலவே கற்பிக்கப்படும். வீட்டுப் பாடமும் உண்டு! இதன் பயனை ஆய்ந்த முதல் அறிக்கை 1991இல் வெளிவந்தது. பின்னர் இம்முறை இளைஞர்க்கு ஏற்பத் திருத்தப்பெற்றது. நார்வே நாட்டில் 77 இளைஞரைக்கொண்டு நிகழ்ந்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று. 19 வாரம் இப்பயிற்சி பெற்றவர்கள் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் செயல், வழக்கமான மருத்துவம் பெற்றவர்களைவிட மிகக் குறைந்தது.

நம் நாட்டில் இதனை முழு வடிவில் அளிக்கும் பயிற்சி பெற்றோர் இன்னும் சிலரே. எனினும் உதவி தொலைவில் இல்லை. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய 'சிநேகா' அமைப்பில், துயருற்றோர் கூறுவதைத் தொண்டர்கள் பொறுமையுடன் கேட்கின்றனர். 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிப் பணியில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்; கட்டணம் இல்லை. அப்பெண்ணுக்கு எழுந்த பாரம் என்னும் எண்ணம் போன்றது யாருக்கு எழுந்தாலும் அன்றே பெரியவர் ஒருவரிடம் கூறிவிட வேண்டும். காய்ச்சலைக் கூறுவதற்கு யாரும் நாணுவதில்லை.

இனி அப்பெண் இப்பயிற்சி பெற்றவரிடம் சென்றதாகக் கொள்வோம். கைப்பேசி உடைந்த நாளைப் பற்றி அவர் கண்டிக்கவில்லை. சங்கிலியின் கண்ணிகளை எண்ணுவது போல ஒவ்வொன்றாகக் கேட்கின்றார். முன்னிரவு தேர்வுக்காக விழித்திருந்தாள், காலையில் உண்ணவில்லை, வகுப்பில் தோழி நகைத்தாள், வீட்டில் தாய், "இதற்கெல்லாம் அழுவார்களா?" என்றார், உடனே தன்னை வெறுத்தாள், கைப்பேசி பறந்தது. சினமே காரணம் என்று எண்ணியிருந்தவளுக்கு உறக்கமின்மையும் பசியும் முதற் கண்ணிகளாக இருத்தல் வியப்பளிக்கின்றது. எந்தக் கண்ணியை அறுப்பது எளிது என்று இருவரும் ஆராய்கின்றனர். காலை உணவுதான்!

நெருக்கடி முற்றிய பொழுதுக்கும் வழி உண்டு. மூச்சை அடக்கி முகத்தைச் சில நொடிகள் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு தணியும். நீரில் மூழ்கும் உயிர்களுக்கு இயற்கை அளித்த ஏற்பாடு அது. இதய நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் இதனைச் செய்தல் ஆகாது. இது துயரைத் தீர்ப்பதன்று. கரை உடையாமல் அந்த நாழிகையைக் கடத்துவது.

இளைஞர்க்கான இப்பயிற்சியில் பெற்றோரும் மாணவராக அமர்கின்றனர். வேலை முடிந்து வந்த தந்தை கண் எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருக்கின்றார். தாய்க்கு அவ்வாரம் இட்ட வீட்டுப் பாடம் ஒரே வாக்கியம்: அறிவுரை கூறுமுன், "உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், அம்மா" என்று கூறுதல். அவ்வம்மையார்க்கு அது எளிதாக இல்லை, மும்முறை மறந்துவிட்டார்.

பெண்ணுக்கு ஓர் அட்டை தரப்பட்டது. நாள்தோறும் உணர்ச்சியின் அளவைச் சுழி முதல் ஐந்து வரை அதில் குறிக்க வேண்டும். அடுத்த வாரம் அதனைக் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமைக்கு எதிரே சினம் ஐந்து என்றிருந்தது. அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில், "தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன், கைப்பேசி மேசைமேல் இருந்தது" என்று எழுதியிருந்தாள்.