கூண்டுக்குள் ஒரு மலை

மலை ஏறினால் மூச்சு வாங்குகிறதே, ஏன்? "மேலே ஆக்ஸிஜன் சதவீதம் குறைவு" என்போம். அது தப்பு. மேலேயும் கீழேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம். 5,500 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 380. அழுத்தம் பாதியானால் மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜனும் பாதி.

பிரான்ஸ் நாட்டு அறிஞர் பால் பெர்ட் அழுத்தம் குறைந்த கலங்களில் விலங்குகளை வைத்துச் சோதித்து, 1878-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். இன்றும் உயர்மலை ஆராய்ச்சிக்கு எலிகளை இப்படிப்பட்ட கூண்டில் வைக்கிறார்கள். எலியைப் படிப்பது டாக்டர் வேலை. கூண்டைச் செய்வது நம்ம வேலை.

பலம்: கதவு 30 செ.மீ. சதுரம் என்று வைப்போம். பரப்பு 900 சதுர செ.மீ. உள்ளே 380 என்றால், வெளிக்காற்று ஒரு சதுர செ.மீ.க்கு 0.517 கிலோ வீதம் அழுத்தும். மொத்தம் சுமார் 465 கிலோ! தட்டையான சுவர் உள்ளே வளையும். உருளை வடிவமே நல்லது. கதவை வெளிப்பக்கம் 'ஓ' ரிங் மேல் உட்கார வைத்தால், வெளிக்காற்றே அழுத்தி மூடிவிடும்.

காற்றோட்டம்: ஒருமுறை காற்றை உறிஞ்சிவிட்டு மூடிவிடலாமா? கூடாது. கரியமில வாயு சேரும், ஆக்ஸிஜன் தீரும். எலி சோர்ந்தது உயரத்தாலா, கெட்ட காற்றாலா என்று சொல்ல முடியாது. எனவே பம்ப் ஓடிக்கொண்டே இருக்க, ஊசி வால்வு வழியாகப் புதுக்காற்று நுழைய வேண்டும். வால்வைத் திருகித்தான் அழுத்தத்தை நிறுத்துகிறோம். ஒப்பிட்டுப் பார்க்க, அதே சத்தம், அதே காற்றோட்டத்துடன் சாதாரண அழுத்தத்தில் இன்னொரு கூண்டும் வேண்டும்.

பாதுகாப்பு: கரண்ட் போச்சுன்னா? கரண்ட் இருக்கும்வரை மூடியிருந்து, போனதும் தானே திறக்கும் சோலினாய்டு வால்வு ஒன்றைத் தனியாகப் பொருத்த வேண்டும். அதன் வாயில் சிறு துளைத் தகடு வைத்தால் காற்று மெதுவாக நுழையும், காது பாதிக்காது. ஆளைக் கூப்பிட பேட்டரி மணியும் தேவை.

1875 ஏப்ரல் 15-ல் 'ஜெனித்' பலூனில் 8,000 மீட்டருக்கு மேல் போன மூவரில் இருவர் இறந்தார்கள். இருவரும் முந்தைய ஆண்டு பெர்ட்டின் கூண்டிலேயே உட்கார்ந்து பார்த்தவர்கள். ஆக்ஸிஜன் பை பக்கத்திலேயே இருந்தும், உடம்பு செயலிழந்ததால் எடுத்துச் சுவாசிக்க முடியவில்லை. விவரம் தெரிந்த மனிதனுக்கே அந்தக் கதி. எலி எந்த சுவிட்சைத் தட்டும்? அதற்கும் சேர்த்து முன்கூட்டியே யோசிக்க வேண்டியவர்கள், டிராயிங் போர்டு முன்னால் நிற்கிற நாம்தான்.