ஆறாம் ஆண்டிலும் அரியர்

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. சேர்ந்து இது ஆறாவது வருடம். இன்னும் இரண்டு அரியர். உடன் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். விட்டுவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம் தம்பி. நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்க 14 செமஸ்டர், அதாவது ஏழு ஆண்டு வரை விதி இடம் தருகிறது. உங்களுக்கு நேரம் இருக்கிறது; நிறைய இல்லை.

ஐந்தாண்டைத் தாண்டியதால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் இரண்டாம் வகுப்புதான். வருத்தம்தான், ஆனால் பட்டம் பட்டமே. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வில் பெரும்பாலான பணிகளுக்குப் பட்டம் இருந்தால் போதும்.

மறுபடி தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். தோற்ற தாளின் விடைத்தாள் நகலுக்கு முடிவு வந்ததுமே விண்ணப்பித்து வாங்கி, பாடம் நடத்திய ஆசிரியரிடம் காட்டுங்கள். எங்கே மதிப்பெண் போனது என்று அவர் பார்த்த பார்வையில் சொல்லிவிடுவார். பலர் வெட்கப்பட்டே கல்லூரிப் பக்கம் போவதில்லை. அதுதான் ஆண்டுகளைத் தின்கிறது.

வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். அடுத்த தேர்வுக்குக் கட்டணம் கட்டும் கடைசி நாளை இன்றே விசாரியுங்கள்.